டிராஃபிக் போலீசிங்: வேகத்தை எழுதும் முன் வாளியின் அளவைக் கணக்குப் போடுங்கள்

10 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 10 மெகாபிட்) என்று லிமிட் போட்ட லைன். டவுன்லோடு 5, 6-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. கேபிளில் பழுதில்லை, போர்ட்டில் எர்ரர் இல்லை, லிமிட்டும் 10 என்றுதான் இருக்கிறது. நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில் நாள்கணக்கில் தேடுவார்கள். போலீசிங் என்பது லிமிட்டை மீறி வரும் பாக்கெட்டுகளை (டேட்டா துண்டுகளை) டிராப் செய்து, அதாவது தூக்கிப்போட்டு, வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை. பெரும்பாலும் காரணம் போலீசிங் கட்டளையில் வேகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் இரண்டாவது எண்ணில், அதாவது பர்ஸ்ட் (ஒரே மூச்சில் வரும் டேட்டா) அளவில் இருக்கும். எங்கிருந்தோ காப்பி செய்த எண் அது. யாரும் கணக்குப் போட்டு எழுதியிருக்க மாட்டார்கள்.

அந்த எண் என்ன செய்கிறது, அதை எப்படிக் கணக்கிடுவது, எப்படிச் சோதிப்பது என்று வரிசையாகப் பார்ப்போம். ஒரு காகிதமும் லினக்ஸ் ஓடும் ஒரு கம்ப்யூட்டரும் போதும்.

போலீசர் பாக்கெட்டை எப்படிப் பார்க்கிறது

ஒரு ஜிகாபிட் போர்ட்டில் எந்த பாக்கெட்டும் ஒரு ஜிகாபிட் வேகத்தில்தான் வரும். நீங்கள் 10 எம்பிபிஎஸ் லிமிட் போட்டதால் கம்பியில் ஓடும் பிட் மெதுவாகிவிடாது. 1500 பைட் பாக்கெட் ஒன்று 12 மைக்ரோசெகண்டில் வந்து முடிந்துவிடும். ஆக, 10 எம்பிபிஎஸ் என்பது ஒரு சராசரி. எவ்வளவு நேரத்துக்கான சராசரி என்பதைப் பர்ஸ்ட் அளவு தீர்மானிக்கிறது.

இதற்குப் பயன்படும் முறைக்கு டோக்கன் பக்கெட் என்று பெயர். பாக்கெட்டும் பக்கெட்டும் குழம்பிவிடும் என்பதால் இனி வாளி என்றே எழுதுகிறேன். வாளிக்குள் டோக்கன்கள் ஒரே சீராக விழுந்துகொண்டிருக்கும். ஒரு டோக்கன் ஒரு பைட்டுக்கான அனுமதி. 10 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 12,50,000 டோக்கன். வாளி நிறைந்துவிட்டால் அதற்குமேல் விழுவதெல்லாம் வழிந்துவிடும். 1500 பைட் பாக்கெட் வந்தால், 1500 டோக்கன் இருக்கிறதா என்று போலீசர் பார்க்கும். இருந்தால் எடுத்துக்கொண்டு பாக்கெட்டை விடும். இல்லையென்றால் அந்த நிமிடமே டிராப். காத்திருக்க வைப்பது என்ற பேச்சே கிடையாது.

கருவிக்குள் யாரும் டோக்கனை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருப்பதில்லை. ஒரு பாக்கெட் வரும்போது, கடைசியாகப் பார்த்த நேரத்திலிருந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எடுத்து, வேகத்தால் பெருக்கி, மொத்தமாகக் கூட்டிக்கொள்ளும். ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், ஒரு ஒப்பீடு. பாக்கெட்டைத் தேக்கி வைக்கும் பஃபர் மெமரி தேவையே இல்லை. ஒரே ரவுட்டரில் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களுக்குத் தனித்தனி லிமிட் போட முடிவது இந்தச் சிக்கனத்தால்தான்.

லிமிட் போடும் இன்னொரு முறையான ஷேப்பிங் இதிலிருந்து எங்கே பிரிகிறது என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஷேப்பரும் டோக்கன் கணக்குத்தான் பார்க்கும். ஆனால் டோக்கன் போதவில்லை என்றால் பாக்கெட்டை வரிசையில் நிறுத்தி, டோக்கன் சேர்ந்ததும் அனுப்பும். அதனால் தாமதம் கூடும், டிராப் குறையும். போலீசிங்கில் தாமதம் கூடாது, டிராப் கூடும். உள்ளே வரும் டிராஃபிக்குக்கு வழக்கமாகப் போலீசிங், வெளியே போகும் டிராஃபிக்குக்கு இரண்டில் எது வேண்டுமானாலும் போடலாம்.

முதல் படி: ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்

வேகம் 10 எம்பிபிஎஸ், வாளி 15,000 பைட், போர்ட் ஒரு ஜிகாபிட். வாளி நிறைந்திருக்கிறது. 1500 பைட் பாக்கெட்டுகள் 12 ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளியே இல்லாமல் வருகின்றன.

முதல் பாக்கெட் போனதும் வாளியில் 13,500. அடுத்தது வருவதற்குள் 12 மைக்ரோசெகண்ட் ஆகிறது. அதற்குள் சேர்வது வெறும் 15 டோக்கன். 13,515-இல் 1500 போக 12,015. இப்படியே போனால் பத்தாவது பாக்கெட் போன பிறகு மீதி 135. பதினொன்றாவது வரும்போது 150 இருக்கும், டிராப். பன்னிரண்டாவது வரும்போது 165, அதுவும் டிராப். டிராப் ஆன பாக்கெட் டோக்கனைச் செலவழிக்காது என்பதைக் கவனியுங்கள்.

சரி, அதற்கு ஒரு மில்லிசெகண்ட் கழித்து இன்னொரு 1500 பைட் பாக்கெட் வருகிறது. சேர்ந்தது 1250, பழையது 165, மொத்தம் 1415. 85 டோக்கன் குறைகிறது, டிராப். அதே நொடியில் 200 பைட் வாய்ஸ் பாக்கெட் ஒன்று வந்திருந்தால் தாராளமாகப் போயிருக்கும். பிங் ஒழுங்காகப் போகிறது, ஃபைல் மட்டும் நகரவில்லை என்ற புகாருக்கு இது ஒரு முக்கியமான காரணம். சின்ன பாக்கெட் போலீசரைத் தாண்டிவிடும், பெரியது மாட்டிக்கொள்ளும். பிங்கை மட்டும் பார்த்து லைன் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

இந்த வாளி காலியிலிருந்து நிறைய 12 மில்லிசெகண்ட் ஆகும். 15,000-ஐ 12,50,000-ஆல் வகுத்தால் வந்துவிடும்.

இப்போது இதில் டிசிபி-யை, அதாவது டவுன்லோடுகளைக் கொண்டுபோகும், தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பும் நெறிமுறையை, ஓட்டிப் பாருங்கள். 2013-இல் வந்த ஆர்எஃப்சி 6928 என்ற இணைய விதிமுறை ஆவணத்துக்குப் பிறகு, ஒரு சர்வர் ஆரம்பத்திலேயே 10 செக்மென்ட் (ஒவ்வொன்றும் ஒரு பாக்கெட்) வரை ஒரே மூச்சில் அனுப்பலாம். நம் வாளியில் அது அப்படியே அடங்குகிறது. ஒரு சுற்று போய் பதில் வந்ததும் அடுத்து 20 அனுப்பும். நெருக்கமாக வரும் அந்த இருபதில் பத்து போலப் போகும், மீதி டிராப். இழப்பைப் பார்த்ததும் டிசிபி தன் விண்டோவை, அதாவது பதிலுக்குக் காத்திராமல் அனுப்பும் அளவை, சுருக்கும். ரீனோ என்ற டிசிபி வகை பாதியாக்கும், லினக்ஸில் வழக்கமாக இருக்கும் க்யூபிக் வகை 0.7 பங்காக்கும். மெல்ல ஏறும், மறுபடி இடிக்கும், மறுபடி சுருங்கும். சராசரியாக 10 எம்பிபிஎஸ் அனுமதி இருந்தும் அதைப் பயன்படுத்தவே முடியாமல் போவது இப்படித்தான். டோக்கன்கள் வழிந்து வீணாகும் நேரமும் இருக்கிறது, டோக்கன் இல்லாமல் பாக்கெட் சாகும் நேரமும் இருக்கிறது.

இரண்டாம் படி: வாளியின் அளவைத் தேர்ந்தெடுப்பது

எல்லாருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. ஆனால் புழக்கத்தில் உள்ள சில விதிகள் உண்டு. 10 எம்பிபிஎஸ்-க்கு அவை என்ன சொல்கின்றன என்று பாருங்கள்.

ரவுட்டர் நிறுவனமான சிஸ்கோவின் பழைய பரிந்துரை: வேகத்தை பைட்டாக்கி ஒன்றரை விநாடியால் பெருக்கு. 18,75,000 பைட். அதே சிஸ்கோவில் நீங்கள் பர்ஸ்டை எழுதாமல் விட்டால், கருவியே கால் விநாடிக்கான அளவை எடுத்துக்கொள்ளும்: 3,12,500 பைட். இன்னொரு ரவுட்டர் நிறுவனமான ஜூனிபர் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. லிமிட்டைப் பார்க்காமல் போர்ட்டின் முழு வேகத்தை 5 மில்லிசெகண்டால் பெருக்கச் சொல்கிறது. ஒரு ஜிகாபிட் போர்ட்டுக்கு அது 6,25,000 பைட். இன்னொரு விதி பாக்கெட் போய் பதில் வரும் நேரத்தை வைத்துப் போடுவது. சர்வர் 100 மில்லிசெகண்ட் தூரத்தில் இருந்தால் 1,25,000 பைட்.

ஒரே லிமிட்டுக்கு நான்கு விதிகள், நான்கு விடைகள். சிறியதற்கும் பெரியதற்கும் 15 மடங்கு வித்தியாசம். காப்பி செய்த எண் ஏன் ஆபத்து என்பது இதிலேயே தெரியும்.

நான் தொடங்கச் சொல்வது இப்படி: சாதாரண இணைய டிராஃபிக் என்றால் 100-இலிருந்து 250 மில்லிசெகண்டுக்கான அளவு. 10 எம்பிபிஎஸ்-க்கு 1,25,000-இலிருந்து 3,12,500 பைட்டுக்குள் ஒரு எண். அங்கிருந்து சோதித்து ஏற்றலாம், இறக்கலாம். எந்தச் சூழலிலும் பத்து முழு பாக்கெட்டுக்குக் கீழே, அதாவது சுமார் 15,000 பைட்டுக்குக் கீழே இறங்காதீர்கள்.

பெரிதாகப் போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே என்று தோன்றும். தீராது. ஒன்றரை விநாடி வாளி நிறைந்திருக்கும்போது, 15 மில்லிசெகண்டுக்கு ஒரு ஜிகாபிட் வேகத்தில் டிராஃபிக் தடையின்றிப் போகும். அடுத்து இருக்கும் சுவிட்சில் பஃபர் குறைவாக இருந்தால் டிராப் அங்கே நடக்கும். உங்கள் கவுன்ட்டரில் எதுவும் தெரியாது.

அதைவிட மோசமான விளைவு டிசிபி-க்கு. நிறைந்த வாளி இருக்கும்வரை லைன் மிக வேகமானது என்று டிசிபி நம்பி விண்டோவைப் பெரிதாக வளர்த்துவிடும். வாளி காலியானதும் வேகம் ஒரே அடியில் 10-க்கு விழும். வளர்ந்த விண்டோவில் இருக்கும் பெரும்பகுதி டிராப் ஆகும். ஒன்றிரண்டு தொலைந்தால் டிசிபி விரைவாகச் சமாளிக்கும். கூட்டமாகத் தொலைந்தால் டைம்அவுட் வரை போய், சில நேரம் அசையாமல் நின்றுவிடும். வீடியோ முதலில் சட்டென்று தொடங்கி, அப்புறம் சுற்றிக்கொண்டே இருப்பது இதனால்தான். 2016-இல் கூகுள் சர்வர்களிலிருந்து போன 27,000 கோடி பாக்கெட்டுகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. பகுதியைப் பொறுத்து 7 சதவீதம் வரையிலான இணைப்புகள் போலீசிங்கில் மாட்டியிருந்தன. மாட்டியவற்றில் பாக்கெட் இழப்பு சராசரியாக 6 மடங்கு அதிகம் என்று அது கண்டது. லிமிட் போடுவது தவறென்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அதே லிமிட்டை ஷேப்பிங் மூலமாகவோ, சர்வரே நிதானமாக அனுப்புவதன் மூலமாகவோ போட்டால் இந்தச் சேதம் வராது என்று காட்டியது.

வாய்ஸ் கதை வேறு. ஜி.711 என்ற குரல் குறியீட்டு முறையில் பேசும் அழைப்பு ஒன்று விநாடிக்கு 50 பாக்கெட் அனுப்பும். பேச்சு 64 கேபிபிஎஸ் என்றாலும் ஐபி தலைப்புகளோடு (பாக்கெட்டின் முன்னால் ஒட்டும் முகவரித் தகவலோடு) 80, ஈதர்நெட்டையும் சேர்த்தால் 87 கேபிபிஎஸ் ஆகும். இது சீராக வருவதால் பெரிய வாளி தேவையில்லை, ஆனால் வேகத்தை மிகச் சரியாக எழுத வேண்டும். பத்து அழைப்புக்கு 800 என்று எழுதி, கருவி ஈதர்நெட் தலைப்பையும் எண்ணினால், பத்தாவது அழைப்பு மட்டும் கெடாது. பத்து பேருக்கும் குரல் அறுந்து அறுந்து கேட்கும். எந்த பாக்கெட் யாருடையது என்று வாளிக்குத் தெரியாது.

மூன்றாம் படி: அலகுகளைச் சரிபாருங்கள்

சின்ன விஷயம்தான், ஆனால் பாதிப் பிழைகள் இங்கேதான். சிஸ்கோவில் போலீசிங் கட்டளையின் வேகம் பிட்டில், பர்ஸ்ட் பைட்டில். அதே கருவியில் ஷேப்பிங் கட்டளைக்குப் போனால் பர்ஸ்டும் பிட்டில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எண்ணை அப்படியே எடுத்துப்போனால் எட்டு மடங்கு தவறு. லினக்ஸின் டிசி (tc) என்ற டிராஃபிக் கட்டுப்பாட்டுக் கருவியில் ‘எம்பிட்’ (mbit) என்றால் மெகாபிட், ‘எம்பிபிஎஸ்’ (mbps) என்றால் விநாடிக்கு மெகாபைட். பேச்சுவழக்கில் எல்லாரும் எம்பிபிஎஸ் என்று சொல்வதால், 10 எம்பிபிஎஸ் என்றே அடித்து 80 மெகாபிட்டைத் திறந்துவிடுபவர்கள் உண்டு.

நான்காம் படி: வீட்டிலேயே சோதனை

லினக்ஸில் இரண்டு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (தனித்தனி நெட்வொர்க் அறைகள்) உருவாக்கி, வீத் (veth) என்ற மெய்நிகர் கேபிள் ஜோடியால் இணையுங்கள். அனுப்பும் பக்கத்துக்கு 10.0.0.1, வாங்கும் பக்கத்துக்கு 10.0.0.2. ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு கம்ப்யூட்டர் மாதிரி இருக்கும்.

அடுத்ததை மறக்காதீர்கள். இன்டர்ஃபேஸ் அமைப்புகளை மாற்றும் ஈதிடூல் (ethtool) கொண்டு இரண்டு பக்கமும் டிஎஸ்ஓ (TSO), ஜிஎஸ்ஓ (GSO), ஜிஆர்ஓ (GRO) மூன்றையும் அணைத்துவிடுங்கள். இவை பல பாக்கெட்டுகளை ஒட்டி 64 கேபி வரையிலான ஒரே மூட்டையாகக் கொண்டுவரும். 15,000 பைட் வாளிக்கு முன்னால் 64 கேபி மூட்டை வந்தால் அது எத்தனை நேரம் ஆனாலும் போகவே போகாது. போலீசர் உடைந்துவிட்டது என்று நினைப்பீர்கள்.

வாங்கும் பக்கத்து இன்டர்ஃபேஸில் டிசி-யின் கிளாஸ்ஆக்ட் (clsact) கியூடிஸ்க்கைச் சேர்த்து, உள்ளே வரும் திசையில், எல்லாவற்றுக்கும் பொருந்தும் மேட்ச்ஆல் (matchall) ஃபில்டரில் போலீஸ் ஆக்‌ஷனைப் போடுங்கள்: ரேட் 10 எம்பிட், பர்ஸ்ட் 15,000 பைட், மீறினால் டிராப். தூரத்து சர்வர் மாதிரி இருக்க, அதே பக்கம் வெளியே போகும் திசையில் செயற்கைத் தாமதம் உண்டாக்கும் நெட்எம் (netem) வைத்து 50 மில்லிசெகண்ட் தாமதம் கொடுங்கள். அப்படிச் செய்தால் தாமதம் ஏசிகே பாக்கெட்டுகளுக்கு (‘வந்து சேர்ந்தது’ என்ற பதில்களுக்கு) மட்டும் போகும். வரும் பர்ஸ்டின் வடிவம் கெடாது.

வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 (iperf3) கருவியை முதலில் யூடிபி-யில் (தொலைந்ததை மறுபடி அனுப்பாத நெறிமுறையில்) 9 எம்பிட்டுக்கு ஓட்டுங்கள். இழப்பு இருக்காது, அல்லது மிகச் சொற்பம். 10-க்கு ஏற்றினால் இரண்டு சதவீதம் போல டிராப் காட்டும். ஐபெர்ஃப் உள்ளே இருக்கும் டேட்டாவை மட்டும் எண்ணுகிறது, போலீசர் தலைப்புகளையும் எண்ணுகிறது, வித்தியாசம் அதுதான். 20-க்கு ஏற்றினால் பாதி போய்விடும். போலீசர் சொன்னபடி வேலை செய்கிறது என்று இதில் உறுதியாகும்.

அப்புறம் டிசிபி-யில் 30 விநாடி ஓட்டுங்கள். 10-க்கு வெகு கீழே நிற்கும், ரீட்ரான்ஸ்மிட் (மறுபடி அனுப்பிய பாக்கெட்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும். வாளியை 1,25,000-க்கு மாற்றி மறுபடி ஓட்டுங்கள். வேகம் நன்றாக ஏறுவதைப் பார்ப்பீர்கள். அடுத்து 18,75,000. இந்த முறை முதல் விநாடியின் வரியை மட்டும் உற்றுப் பாருங்கள். நிறைந்த வாளியில் 15 மெகாபிட், அந்த விநாடியில் சேரும் 10 மெகாபிட், ஆக 25 வரை போக வாய்ப்பு உண்டு. வாளி தீர்ந்த வரியில் ரீட்ரான்ஸ்மிட் எண்ணிக்கை குபீரென்று எகிறும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் டிசி-யில் ஃபில்டரின் புள்ளிவிவரத்தைப் பார்த்து டிராப் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று ஓட்டங்களையும் ஒரே தாளில் எழுதி வைத்தால், இரண்டாம் படியில் சொன்ன விதிகளில் எது உங்கள் லைனுக்குப் பொருந்துகிறது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ஐந்தாம் படி: டிராப் மட்டும்தான் வழியா?

இல்லை. 1999-இல் வந்த ஆர்எஃப்சி 2697, 2698 இரண்டும் மூன்று நிறங்களைச் சொல்கின்றன. பச்சை லிமிட்டுக்குள், மஞ்சள் கொஞ்சம் மீறியது, சிவப்பு முழுதாக மீறியது. 2697-இல் வேகம் ஒன்று, வாளி இரண்டு. முதல் வாளி நிறைந்த பிறகு வழிவது இரண்டாவதுக்குப் போகும். 2698-இல் இரண்டு வாளிக்கும் தனித்தனி வேகம். உறுதியளித்த வேகம் 10, உச்சம் 20 என்று விற்கும் லைன்களுக்கு இதுதான் பொருந்தும்.

வழக்கமாகப் பச்சையை அப்படியே விட்டு, மஞ்சளின் டிஎஸ்சிபி (பாக்கெட்டின் முன்னுரிமைக் குறி) மதிப்பைக் குறைத்து அனுப்பி, சிவப்பை டிராப் செய்வார்கள். மேலே நெரிசல் இல்லையென்றால் மஞ்சளும் போய்ச் சேரும், இருந்தால் அதுதான் முதலில் விழும். டோக்கன் இல்லாத அந்தக் கணத்திலேயே எல்லாவற்றையும் கொல்வதைவிட இது எவ்வளவோ மேல். கருவியில் வசதி இருந்தால் இதையே பயன்படுத்துங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் தயங்காமல் டிராப் போடுங்கள்: ரவுட்டரின் சொந்த சிபியு-வுக்கு வரும் டிராஃபிக். யாரோ பிங் வெள்ளம் அனுப்பினால் அதை வரிசையில் நிறுத்தி வைப்பதில் ஒரு பயனும் இல்லை.

நீங்கள் வாடிக்கையாளர் பக்கம் இருந்தால்

சேவை நிறுவனம் தன் ரவுட்டரில் போலீசிங் போட்டிருக்கிறது, வாளி அவர்கள் கையில். உங்களால் செய்ய முடிந்தது உங்கள் ரவுட்டரிலிருந்து வெளியே போகும் டிராஃபிக்கை நீங்களே ஷேப்பிங் செய்வது. 10 எம்பிபிஎஸ் லைனுக்கு 9.5 வையுங்கள். ஷேப்பரின் பர்ஸ்டைச் சிறிதாக, சில பாக்கெட் அளவுக்கு வையுங்கள். வரிசைக்கு எஃப்க்யூ-கோடல் (fq_codel) என்ற வரிசை மேலாண்மை முறையைப் போட்டால் தாமதமும் கட்டுக்குள் இருக்கும். பாக்கெட்டுகள் சீராகப் போவதால் அவர்களின் போலீசருக்கு டிராப் செய்யக் காரணமே கிடைக்காது. அரை எம்பிபிஎஸ் விட்டுக்கொடுத்து நிலையான 9.5 கிடைப்பது, 10-க்கு ஆசைப்பட்டு 6-இல் தடுமாறுவதைவிட நல்லது. அப்லோடுக்கு இது கைமேல் பலன் தரும். டவுன்லோடு திசையில் பாக்கெட் உங்களிடம் வரும் முன்பே டிராப் ஆகிவிடுவதால் உங்கள் ஷேப்பருக்கு அங்கே பெரிய பிடி இல்லை.

சர்வர் உங்களுடையது என்றால், க்யூபிக்குக்குப் பதிலாக பிபிஆர் (BBR) என்ற டிசிபி முறையையும் முயன்று பாருங்கள். 2016-இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே, வழியில் டோக்கன் வாளி இருக்கிறது என்று ஊகித்து அந்த வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. பாக்கெட்டுகளை இடைவெளி விட்டு அனுப்புவதும் அதன் இயல்பு.

போலீசிங்தானா என்று எப்படி உறுதி செய்வது

லைனில் நடப்பது போலீசிங்கா, ஷேப்பிங்கா, வெறும் நெரிசலா என்று தெரிய வேண்டும். ஒரு பெரிய ஃபைல் போகும்போது அனுப்பும் பக்கத்தில் ஒயர்ஷார்க்கில் (பாக்கெட்டுகளைப் பதிவு செய்து காட்டும் கருவி) பிடித்து, இரண்டு வரைபடங்களைப் பாருங்கள். ஒன்று ரவுண்ட் டிரிப் நேரம் (பாக்கெட் போய் பதில் வரும் நேரம்), இன்னொன்று டிசிபி சீக்வென்ஸ் எண் (எத்தனையாவது பைட் வரை அனுப்பியாயிற்று என்பது).

ஷேப்பிங்கோ நெரிசலோ என்றால் இழப்புக்கு முன்பு ரவுண்ட் டிரிப் நேரம் படிப்படியாக ஏறியிருக்கும், ஏனென்றால் பாக்கெட்டுகள் எங்கோ வரிசையில் நிற்கின்றன. போலீசிங்கில் வரிசையே இல்லாததால் 50 மில்லிசெகண்ட் 50-ஆகவே இருக்கும்; எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இழப்பு வரும். சீக்வென்ஸ் வரைபடத்தில் ஆரம்பத்தில் செங்குத்தான ஏற்றம், அப்புறம் ஓர் உடைவு, அதற்குப் பின் எங்கே எடுத்துப் பார்த்தாலும் ஒரே சரிவைத் தாண்டாத கோடு. அந்தச் சரிவு உங்கள் லிமிட். கோட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கும் ஆரம்ப ஏற்றத்தின் உயரம் ஏறத்தாழ வாளியின் அளவு.

இந்த இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு சேவை நிறுவனத்திடம் பேசுங்கள். ‘நெட் ஸ்லோவாக இருக்கிறது’ என்ற புகாருக்கு வழக்கமான பதில்தான் வரும். அதற்குப் பதில் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: எங்கள் லைனில் எந்தத் திசையில் போலீசிங், பர்ஸ்ட் எத்தனை பைட், வேகத்தை எண்ணும்போது ஈதர்நெட் தலைப்பு சேருமா சேராதா. மூன்றுக்கும் பதில் வந்ததும் இரண்டாம் படியின் கணக்கை அந்த எண்களோடு மறுபடி போடுங்கள். வாளி 100 மில்லிசெகண்டுக்கும் குறைவாக இருந்தால், எவ்வளவுக்கு உயர்த்த வேண்டும் என்ற எண்ணோடு அடுத்த கடிதத்தை எழுதலாம்.